அக்காவுக்கு: பயாப்சி அன்று நடந்தது

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் பேசியபோது உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். எனக்கும் உன்னைப் போல மார்பில் கட்டி இருந்தது, பயாப்சி எடுத்தார்கள், அதாவது கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்துவிட்டது: ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் இல்லை. இதை முதலில் சொன்னால்தான் மீதியை நிதானமாகப் படிப்பாய்.

டாக்டர் உன்னைப் பயாப்சி எடுக்கச் சொல்லி இரண்டு மாதமாகியும் ‘கத்தி வைப்பார்கள்’ என்று நீ தள்ளிப்போடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு வந்து எட்டு மாதமாகியும் இங்குள்ள பேச்சு எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. அதைச் சொன்னதும் நர்ஸ் மொழிபெயர்ப்பவரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் தமிழ்! “மரத்துப்போக ஊசி போடப்போறாங்கம்மா, சுருக்குன்னு இருக்கும்” என்று அந்த முகம் தெரியாத அம்மா சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வலி என்றால் அந்த ஊசிதான். சில நொடி எரிந்தது, அப்புறம் அழுத்துவது மட்டும் தெரிந்தது. மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் வைத்திருந்தேன். தோலில் சில மில்லிமீட்டர் கீறல், அவ்வளவுதான் கத்தி. அல்ட்ராசவுண்டு திரையில் கட்டியைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தினார்கள். சதை எடுக்கும்போது ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ‘டக்’கென்று சத்தம் வரும். திடுக்கிடக் கூடாதென்று முன்னாலேயே ஒருமுறை வெறுமனே அடித்துக் காட்டினார்கள். அப்படியும் முதல் சத்தத்தில் உடம்பு தூக்கிப்போட்டது. மொத்தம் 5 தடவை. எடுத்ததைக் குப்பியில் பார்த்தேன். வெள்ளை நூல் துண்டுகள் மாதிரி மிதந்தன.

எடுத்த இடம் பிறகு தெரிய எள்ளளவு டைட்டானியம் கிளிப் ஒன்றை உள்ளே வைத்தார்கள். இருப்பதே தெரியவில்லை. நர்ஸ் 10 நிமிடம் கையால் அழுத்திப் பிடித்தார். தையல் இல்லை, பிளாஸ்டர்தான்.

மயக்க மருந்து கிடையாது என்பதால் சாப்பிட்டுவிட்டே போனேன். முன்பக்கம் திறக்கும் சட்டை போட்டுக்கொள். நீ எடுக்கும் ஆஸ்பிரினைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே சொல், நீயாக நிறுத்தாதே. வீட்டுக்கு வந்து துணியில் சுற்றிய ஐஸ் வை. ஒரு நாளாவது பாரம் தூக்காதே. எனக்கு அந்த இடம் கருநீலமாகி, மஞ்சளாகி, தானே மறைந்தது. ரத்தம் நிற்காவிட்டாலோ, வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்.

ஊசி பட்டால் நோய் பரவும் என்றாயே, அதையும் கேட்டேன். அந்தப் பயத்துக்காக பயாப்சியைத் தவிர்க்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். பயாப்சி எடுத்த கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருப்பதில்லையாம். ஒருவேளை இருந்தாலும், என்ன வகை என்று இந்தத் துண்டைப் பார்த்துத்தானே வைத்தியம் முடிவாகும்?

முடிவுக்குக் காத்திருந்த 6 நாள்தான் எனக்குக் கஷ்டம். யாரிடமும் சொல்லாமல் இருந்தது தப்பு அக்கா. நீ அப்படி இருக்காதே. தேதி வாங்கியதும் சொல். அன்று லீவு போட்டுவிட்டுப் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

உன் தங்கை