நாலு ஓட்டு

மதுரை

அன்புள்ள தாவீது,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வேளையும் சொட்டு மருந்து, அதனால்தான் தாமதம். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, கூடத்துச் சுவரின் விரிசல் உட்பட. உன் முழங்கால் எப்படி?

உங்கள் சபையில் எல்லாரையும் ஒரு விசுவாச அறிக்கைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்ன கதையைப் படித்ததும் எனக்கு 1719-இல் லண்டனில் போதகர்கள் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. சிரிக்காதே.

1712-இல் சாமுவேல் கிளார்க் என்ற லண்டன் குருவானவர் புதிய ஏற்பாட்டிலிருந்து 1251 பகுதிகளை எடுத்து அடுக்கி, பிதா ஒருவரே உன்னத தேவன், குமாரன் அவருக்குக் கீழ்ப்பட்டவர் என்கிற மாதிரி முடித்தார். அந்தக் காற்று இங்கிலாந்தின் எக்சீட்டர் நகருக்கும் அடித்தது. அங்கே ஜேம்ஸ் பியர்ஸ் என்ற போதகர்மேல் ஏரியஸ் கொள்கைக்காரர், அதாவது குமாரன் பிதாவுக்குச் சமமில்லை என்பவர், என்று சந்தேகம். இதைச் சும்மா வாய்ச்சண்டை என்று நினைக்காதே. அரசுத் திருச்சபையில் சேராதவர்களுக்கு வழிபாட்டுரிமை தந்த 1689 சகிப்புச் சட்டமே, திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை) மறுப்பவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. டப்ளினில் தாமஸ் எம்லின் இதற்காகவே 1703-இல் சிறைக்குப் போனார். அபராதம் ஆயிரம் பவுண்டு. பிறகுதான் எழுபதாகக் குறைத்தார்கள்.

எக்சீட்டர்க்காரர்கள் லண்டன் போதகர்களிடம் யோசனை கேட்டார்கள். லண்டனின் உப்பு வணிகர் மண்டபத்தில் (சால்ட்டர்ஸ் ஹால்) நூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் கூடினார்கள். அனுப்பும் யோசனையோடு திரித்துவ அறிக்கை ஒன்றையும் சேர்ப்பதா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்று 57 பேர், வேண்டும் என்று 53 பேர். "பைபிள் நாலு ஓட்டில் ஜெயித்தது" என்றாராம் அங்கே இருந்த நீதிபதி ஜோசப் ஜெக்கில்.

அந்த 57 பேரிலும் திரித்துவத்தை நம்பியவர்கள் நிறைய. வேதத்தில் இருப்பது போதும், மனுஷன் கட்டிய வாக்கியத்தில் எதற்குக் கையெழுத்து என்பதே அவர்கள் கட்சி. நீ எழுதியதும் அதுதானே? "விசுவாசம் இருக்கு, தாள்தான் இடிக்குது" என்று.

மார்ச் 3-ஆம் தேதி மறுபடி கூட்டம். தலைவர் இரண்டாவது வாக்கெடுப்புக்கு இடம் கொடுக்கவில்லை. உடனே அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாடத்துக்கு ஏறிப்போய் அறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டு வெளியேறினார்கள். மற்றவர்கள் 'உஸ்ஸ்' என்று சீறினார்களாம். கையெழுத்துப் போட்ட கோஷ்டியின் தாமஸ் பிராட்பரி, "இது சர்ப்பத்தின் குரல்" என்றார். போதகர்கள்தான் அப்பா, எல்லாரும் போதகர்கள்!

இதில் வேடிக்கை, லண்டன் யோசனை எக்சீட்டர் போய்ச் சேருமுன்பே பியர்ஸை வெளியே தள்ளியாயிற்று. யாருக்காகக் கூடினார்களோ அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை; கூடியவர்கள்தான் இரண்டாகப் போனார்கள்.

நாம் ஞாயிறுதோறும் பாடுகிறோமே, அந்தப் பாட்டுகளை எழுதிய ஐசக் வாட்ஸ் இரண்டு பக்கமும் சேராமல் ஒதுங்கிவிட்டார். எனக்கு அவர்மேல் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கோபம். ஆனால் நான் அங்கே இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். பள்ளிக்கூட நாளிலிருந்து உனக்குத் தெரியுமே என்னை.

நீ கீழேயா, மாடத்திலா? அடுத்த கடிதத்தில் எழுது. முழங்கால் வலி, படி ஏற முடியாது என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்