மோதிரம் சுற்றுகிறது, நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

என்னிடம் மோதிரம் வாங்குகிறவர்கள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, "இதை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றுதான். சேலத்தில் என்றால் நம்புவதில்லை. கொலுசு ஊரில் சுற்றும் மோதிரத்துக்கு என்ன வேலை என்கிறார்கள். உண்மையில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர்கூட அதுவரை இப்படி ஒரு மோதிரம் செய்ததில்லை. ஆளுக்கு ஒரு பகுதி தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விரலில் உட்காருவது அகலமான ஒரு வெள்ளிப் பட்டை. அதன்மேல் கொஞ்சம் குறுகலான இன்னொரு வளையம். அடிப்பட்டையின் இரண்டு ஓரங்களும் வெளிப்பக்கம் விரிந்திருப்பதால் மேல்வளையம் கழன்று விழாது. கட்டைவிரலால் தள்ளினால் சுற்றும். கை சும்மா இருக்காதவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள்.

முதல் நன்றி செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை அண்ணனுக்கு. அண்ணே, "மோதிரமா? நாங்க காலுக்குத்தானே செய்யறோம்" என்று சிரித்துக்கொண்டேதான் இடம் கொடுத்தீர்கள். வெள்ளித் தகட்டை வளைத்து இரண்டு முனைகளையும் சேர்த்துக் கொண்டுவந்தால், சூட்டில் உருகி முனைகளை ஒட்டவைக்கும் பற்றுப்பொடியை வைக்க விடமாட்டீர்கள். "வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாரு. கோடு தெரிஞ்சா திரும்ப அரம் போடு." பற்றுப்பொடி இடைவெளியை நிரப்பாது என்பதை நீங்கள் விளக்கவே இல்லை, அரம் போட வைத்தே புரியவைத்தீர்கள். தீயைப் பொடிமேல் காட்டாமல் வளையம் முழுக்கச் சுற்றிச் சுற்றிக் காட்டுவீர்கள். பற்று நன்றாக ஓடுவதற்காகப் பூசும் வெண்காரம் பொங்கி அடங்கும், பொடி அசையாமல் கிடக்கும், அப்புறம் சட்டென்று பளிச்சென ஒரு கோடாக ஓடும். ஓடிய அந்த நொடியில் தீ விலகியிருக்க வேண்டும். மற்ற நகைக்குக்கூடப் பற்று சுமாராக இருந்தால் சமாளிக்கலாம். இந்த மோதிரத்தில் முடியாது, கடைசியில் ஓரத்தை விரிக்கும்போது பற்றுவைத்த இடம்தான் முதலில் பிளக்கும்.

வெள்ளியைப் பதமாக்கும்போது டியூப்லைட்டை அணைக்கச் சொன்னதும் நீங்கள்தான். 925 வெள்ளியில் நூற்றுக்கு 92.5 பங்குதான் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. அடிக்க அடிக்க அது இறுகிக்கொண்டே போகும். திரும்ப இளக வேண்டுமானால் ஏறக்குறைய 650 டிகிரி சூடு வேண்டும். அந்த மங்கிய சிவப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது, படும்போது சூடு மிஞ்சியிருக்கும். கேட்மியம் கலந்த பொடி சீக்கிரம் உருகும், வேலையும் சுலபம். ஆனால் அந்தப் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு என்று அதைப் பட்டறைக்குள்ளேயே விடாமல் இருக்கிறீர்கள். இதற்குத் தனி நன்றி.

அடுத்து, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஐயாவுக்கு. மேல்வளையம் அடிப்பட்டையைவிட எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. பணம் கட்டிச் சேர்ந்த ஓர் ஆன்லைன் வகுப்பில் இதைப் பற்றி மூச்சே விடவில்லை, அடுத்த லெவலில் சொல்வார்களாம்! ஐயா கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு இரண்டு வளையங்களையும் பார்த்தார். "ஆட்டம் இருக்கணும்மா, தள்ளாட்டம் இருக்கக் கூடாது" என்றார். விட்டம் அளக்கும் வெர்னியர் கருவியை என் கையில் கொடுத்துவிட்டு, கணக்கை அவரே பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டார். உள்விட்டம் 17 மி.மீ., தகடு 1 மி.மீ. என்றால், இரண்டையும் கூட்டி 3.14-ஆல் பெருக்க வேண்டும். தகட்டை வெட்ட வேண்டிய நீளம் 56.5 மி.மீ. அந்தப் பட்டையின் வெளிவிட்டம் 19. அப்படியானால் மேல்வளையத்தின் உள்விட்டம் 19.4, அதாவது சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி. அதைவிடக் குறைந்தால் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலே பிடித்துக்கொள்ளும், கூடினால் கடகடவென்று ஆடும். அந்தத் தாள் என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

லேத் பட்டறைத் தம்பிக்கு ஒரு நன்றி, சுருக்கமாக. கழித்துப்போட்ட பெரிய பேரிங்கை உடைத்து, ஓர் அங்குல விட்டமுள்ள எஃகுக் குண்டுகள் இரண்டை எடுத்துக் கொடுத்தான். மோதிரத்தின் இரண்டு வாயிலும் அவற்றை வைத்து வைஸ் என்கிற இடுக்கிப் பிடியில் மெல்ல இறுக்கினால் ஓரங்கள் ஒரே சீராக விரிகின்றன. காசு வாங்கவில்லை. இதற்கென்றே கடையில் விற்கும் கருவியின் விலையைக் கேட்டால் அவன் பெருமை உங்களுக்குப் புரியும்.

மெருகு போடும் அக்காக்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மோதிரத்தைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னதோடு நிற்கவில்லை. கொலுசு சேலையில் மாட்டுகிறதா என்று பார்ப்பதற்காகப் பழைய நைலான் சேலைத் துண்டு ஒன்று உங்களிடம் எப்போதும் இருக்கும். என் மோதிரத்தின் விரிந்த ஓரத்தை அதில் இழுத்துப் பார்த்தீர்கள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த ஓரம் நூலைப் பிடித்தது. "கண்ணு, இது இன்னும் கடிக்குது" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். இப்போதும் அந்தச் சோதனையில் தேறாத எதையும் நான் விற்பதில்லை.

மதியத்தில் சுத்தியல் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், சூடுபட்டுக் கறுத்த வெள்ளியைச் சுத்தம் செய்யச் சமையலறையில் படிகாரம் கொதித்ததைக் கண்டும் காணாமல் இருந்த அத்தைக்கும் நன்றி. அந்தப் பாத்திரம் இனி என்னுடையது, அத்தை.

வாங்கியவர்களிலும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். "மோதிரம் சுத்த மாட்டேங்குது" என்று கொண்டுவந்தவர் கோபப்படவே இல்லை, ஏன் என்றுதான் கேட்டார். சோப்பும் கிரீமும் இடைவெளியில் போய் இறுகியிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. அவர் கேட்டதால்தான் இப்போது ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் இதை ஒரு சீட்டில் எழுதி வைக்கிறேன்.

அடுத்ததாக ஒன்று செய்ய ஆசை. பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் ஜெர்மனியில் செய்த பழைய மோதிரங்கள் சில இருக்கின்றன. மூடியிருந்தால் சாதாரண மோதிரம். பிரித்தால் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக விரிந்து வானியல் கோளம் போல நிற்கும். எல்லாம் நூல் பருமன் ஆணிகளில் திரும்புகின்றன. கடிகார ஐயா, அரை மி.மீ. துளை போடும் டிரில் உங்கள் மேஜை டிராயரில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடை திறந்திருக்குமா? வெள்ளித் தகடும் டீயும் நான் கொண்டுவருகிறேன்.