ஐந்தரை மணி ஆட்டம்

குன்னூர்,
ஜனவரி 2026

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். மூன்று நாளாக உறைபனி கொட்டுகிறது. ஓடையோரத் தேயிலை நான்கு வரிசை கருகிவிட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நேற்றும் விடியற்காலை ஐந்தரைக்குப் போனில் உங்கள் டொராண்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி ஆடும் ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்த்தேன். வழக்கம்போல் "கோல்" என்று உனக்கு அனுப்பினேன். நீ பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் இல்லை. அக்டோபரில் ஆட்டங்கள் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். முன்பெல்லாம் நீதான் முந்திக்கொள்வாய். உன் வீட்டு டி.வி.யில் விழுந்த கோல் என் போனுக்கு வர அரை நிமிடம் ஆகும், அதற்குள் உன் செய்தி வந்துவிடும். கோல் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டே பார்க்கும் அந்த அரை நிமிடம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உன்னிடம் சொன்னதே இல்லை.

மார்னர் லாஸ் வேகாஸ் அணிக்குப் போனதற்கும் நீ ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை, நம் அணிக்கு ஒன்பது பருவம் ஆடியவர். பழைய தம்பியாக இருந்தால் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளியிருப்பாய்.

நீ அனுப்பிய நீலச் சட்டையை ஸ்வெட்டர் மேல் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறேன். யார் கேட்டாலும் நின்று விளக்குகிறேன். பக்கத்துக்கு ஆறு பேர், இருபது நிமிடமாக மூன்று பகுதி, பந்துக்குப் பதில் ரப்பர் வில்லை. என் மகன் டொராண்டோவில் இருக்கிறான் என்பதையும் சொல்லாமல் விடுவதில்லை. அந்த மகனுக்கு அப்பாவுக்கு ஒரு சொல் தட்டி அனுப்ப நேரமில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு எட்டரைக்கு அம்மா போன் செய்தபோது, நீ தூங்குவதாக மருமகள் சொன்னாள். அங்கே அப்போது காலை பத்து மணி. அடுத்த செவ்வாயும் அதே பதில். அம்மா ஏதோ கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. பனியில் வண்டி எடுக்காதே. அந்த ஆட்டத்தில் ஒன்றைக் கவனித்தாயா? முக்கால் நிமிடம் மூச்சைப் பிடித்து ஓடிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். 2023-24 பருவத்தில் 69 கோல் போட்ட மேத்யூஸும் உட்காருகிறார். அவரை யாரும் குறை சொல்வதில்லை. உட்கார வேண்டுமானால் உட்கார், தம்பி. சாப்பிட்டுவிட்டு உட்கார்.

போன மே மாதம் புளோரிடா அணியோடு ஆடிய தொடரில் முதல் இரண்டு ஆட்டத்தை வென்றுவிட்டு, கடைசியான ஏழாவதில் சொந்த அரங்கத்திலேயே 6-1 என்று தோற்றார்களே, அன்று ரசிகர்கள் நீலச் சட்டையைக் கழற்றிப் பனித்தளத்தில் வீசினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்று உறுத்துகிறது.

பத்தாம் வகுப்பில் உன் ஹாக்கி மட்டை தொலைந்ததே, அது தொலையவில்லை. அரையாண்டுத் தேர்வில் கணக்கு மதிப்பெண் வந்த மறுநாள், அதை நான் ஃபாக்டரிக்கு எடுத்துப்போய் இலை லாரி டிரைவரின் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். நீ நான்கு நாள் தேடினாய். தேயிலைச் செடிக்குள்ளெல்லாம் நானும் உன்னோடு டார்ச் அடித்துக்கொண்டு தேடினேன். கொடுத்ததைவிட, அப்படிக் கூட வந்து தேடியதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது. அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை. என் பிள்ளை எதற்கும் கை நீட்ட மாட்டான் என்று அதையும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1967இல். அண்ணா முதலமைச்சரான ஆண்டு, நான் மூன்றாம் வகுப்பு. அத்தனை ஆண்டு காத்திருப்பவர்களைப் பார்த்தால், உன் பதிலுக்கு நான் காத்திருப்பது பெரிய காரியமில்லை.

ஆட்டம் இருக்கும் நாளெல்லாம் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவேன். நீ பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிடு. அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள், நான் மட்டும்தான் இருப்பேன். எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மேல் அறையின் கூரை ஓடுகளை மாற்றிவிட்டோம், இப்போது ஒழுகுவதில்லை. உனக்கும் மருமகளுக்கும் எத்தனை மாதமானாலும் இடம் இருக்கிறது.

தேயிலை விஷயம் அடுத்த கடிதத்தில். சாப்பிடு.

அப்பா