வௌவால் கடித்த பழமும் வீட்டில் நோயாளியும்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ரம்புத்தான் பழுத்துவிட்டது. பள்ளித் திடலோர மரங்களுக்கு அந்தி சாய்ந்ததும் வௌவால்கள் வருகின்றன. வௌவால் பறந்தாலே நோய் தொற்றும் என்ற வதந்தி அதைவிட வேகமாக வாட்சப்பில் வருகிறது. அது உண்மையல்ல, தலைக்கு மேல் பறப்பதால் நோய் தொற்றாது.

1998-99இல் நம் மலேசியாவில், வௌவாலிடமிருந்து கிளம்பிய நிப்பா வைரசு 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்றது. வைரசுக்குப் பெயர் கொடுத்ததே நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பாதான். அப்போது பெரும்பாலும் பன்றிகளிடமிருந்தே தொற்றியது. வங்காளதேசத்திலும் 2018இல் கோழிக்கோட்டிலும் ஆளுக்கு ஆள் பரவியது. எச்சில், சளி, சிறுநீர் இவைதான் வழி. வாயைத் துடைத்துவிட்டவர், ஒரே குவளையில் குடித்தவர், மருத்துவமனையில் பக்கத்தில் இருந்தவர் என, நெருங்கி இருந்தவர்களே சிக்கினர். 2006இல் மலாக்காவில் கண்டறிந்த வேறொரு வைரசும் அப்படித்தான்: வீட்டுக்குள் வௌவால் புகுந்து ஒரு வாரத்தில் தந்தைக்குக் காய்ச்சல், சில நாளில் இரு பிள்ளைகளுக்கும்.

எனவே வீட்டில் கடும் காய்ச்சல்காரர் இருந்தால் ஒரே ஒரு பெரியவர் மட்டும், முகக்கவரி அணிந்து கவனிக்கட்டும். பாட்டி, அத்தை, பிள்ளைகள் என மாறி மாறி உட்காருவது நம் பாசம். வைரசுக்கு அது வசதி. தட்டு, குவளை, தலையணை தனி. சன்னல் திறந்திருக்கட்டும். கையைச் சவர்க்காரம் போட்டு 20 விநாடி தேயுங்கள். நிப்பாவின் மேலுறை கொழுப்பு, வெறும் தண்ணீருக்குக் கரையாது.

வாந்தி எடுத்தால் கையுறை போட்டு, முதலில் காகிதத்தால் வழித்தெடுங்கள். பிறகு 1 பங்கு குளோராக்ஸ் (வெளுப்பு நீர்), 9 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். வழிக்காமல் ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். நேற்றுக் கலந்தது இன்று உதவாது. கழிவறை கழுவும் அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, நச்சுப்புகை வரும்.

கடிபட்ட பழத்தில் கடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தின்பது தவறு. எச்சில் எங்கே வழிந்தது என்று தெரியாது. முழுதாக எறியுங்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள். நல்ல பழத்தையும் கழுவித் தோலுரித்துக் கொடுங்கள். கள் இறக்குவோர், கள் வடியும் முட்டியை மூடிக் கட்டுங்கள். வங்காளதேசத்தில் பலருக்குத் தொற்றியது பச்சை ஈச்சஞ்சாற்றில்தான்.

கீழே விழுந்த வௌவாலைப் பிள்ளைகள் தொடக்கூடாது. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரத்தோடு 15 நிமிடம் கழுவி, அன்றே கிளினிக்குக்குப் போங்கள். கவணால் அடிக்கவும் விடாதீர்கள். டுரியான் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது பெரும்பாலும் வௌவால்தான்!

நிப்பா அறிகுறி பொதுவாக 4 முதல் 14 நாளில் தெரியும். காய்ச்சலோடு மயக்கம், குழப்பம், மூச்சுத்திணறல் என்றால் காத்திருக்காதீர்கள். வௌவால், கடிபட்ட பழம், வீட்டு நோயாளி எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கிடைக்காவிட்டால் உங்கள் கையெழுத்திட்ட ஒரு துண்டுக் கடிதம் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்