விரலும் ரகசிய எண்ணும்

தாலின், எஸ்தோனியா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். குளிர்தான் இன்னும் பழகவில்லை. தங்கச்சி, இதை அவசரப்படாமல் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டு.

இந்த மாதமும் ரேஷன் கடையில் விரல் விழவில்லை என்று போனில் சொன்னாய். எனக்கும் இங்கே வந்த புதிதில் அதே கதைதான். குடியிருப்பு அட்டைக்குக் கைரேகை எடுக்கப் போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். (பயப்படாதே, இங்கே அது அவர்கள் வேலை.) குளிரில் விரல் வறண்டு வெடித்திருந்தது. கண்ணாடியில் மூன்று தடவை வைத்தும் எடுக்கவில்லை. நீ செய்வாயே, அதே மாதிரி விரலைத் தலைமுடியில் நன்றாகத் தேய்த்துவிட்டு வைத்தேன், விழுந்துவிட்டது. எதிரே இருந்த அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆனால் அதற்குப் பிறகு இங்கே யாரும் என் விரலைக் கேட்கவே இல்லை. அட்டையோடு ஒரு உறை கொடுத்தார்கள். அதில் இரண்டு ரகசிய எண்கள்: இணையச் சேவைக்குள் நுழைய நான்கு இலக்கம், கையெழுத்துக்கு ஐந்து இலக்கம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே, அட்டையைக் கணினியில் செருகி அந்த ஐந்து எண்ணைத் தட்டி முடித்தேன். பேனா கையெழுத்துக்கு உள்ள மதிப்பு அதற்கும் உண்டு. காய்ச்சல் வந்தபோது டாக்டர் காகிதச் சீட்டே எழுதவில்லை, கணினியில் பதிந்துவிட்டார். மருந்துக்கடையில் அட்டையைக் காட்டினேன், மாத்திரை வந்தது. அரசாங்கத்தில் யார் என் விவரத்தைத் திறந்து பார்த்தார்கள் என்று நானே இணையத்தில் பார்க்கவும் முடிகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

2002இலிருந்து இந்த மாதிரி அடையாள அட்டை இங்கே இருக்கிறது. குறையே இல்லை என்று நினைத்துவிடாதே. 2017இல் அட்டையின் சிப்பில் ஓட்டை (பாதுகாப்புக் குறை) இருப்பது தெரிந்து, சுமார் 7.5 லட்சம் அட்டைகள் சிக்கலில் மாட்டின. நாட்டின் ஜனத்தொகையே 13 லட்சம்தான்! மின் கையெழுத்தை நிறுத்திவைத்து, சிப்புக்குள் புதுச் சாவி (ரகசியக் குறியீடு) போட்டுச் சரிசெய்தார்கள். 2021இல் ஒருவன் அரசாங்கக் கணினியிலிருந்து அட்டைக்காக எடுத்த முகப் படங்கள் 2,86,000க்கும் மேல் இறக்கிவிட்டான். ஆளைப் பிடித்தார்கள். ஆனால் எண்ணை மாற்றலாம், சாவியை மாற்றலாம், முகத்தை எப்படி மாற்றுவது?

நம் ஊர் ஆதாரில் என்னை உறுத்துவதும் இதுதான். அதனால் உனக்கு நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். முதியோர் பணம் கணக்குக்கு வருகிறது, விரலை வைத்தால் வீட்டுத் திண்ணையிலேயே கைக்குக் கிடைக்கிறது. ஆனால் அங்கே பூட்டும் சாவியும் உன் விரலேதான். நாற்பது வருஷம் மடியில் சொளகை வைத்துப் பீடி சுற்றின விரல். உனக்கு விழமாட்டேன் என்கிற ரேகை, திருடனுக்கு விழுகிறது. ஹரியானா, தெலங்கானா பக்கம் பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த கைரேகையை அச்சு எடுத்து, அடுத்தவர் கணக்கிலிருந்து பணத்தை உருவியிருக்கிறார்கள்.

தங்கச்சி, ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்க வழி இருக்கிறது, அம்மாவுக்குச் செய்துவிடு. ரேஷன் வாங்கும் நாளிலும் முதியோர் பணம் வாங்கும் நாளிலும் திறந்துவிட வேண்டும், மறந்துவிடாதே. மறந்தால் கண்ணை வைத்தாலும் எடுக்காது, அப்புறம் அம்மா என்னைத்தான் திட்டும்.

அம்மா, பணம் கொடுக்க வருகிறவர் "விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்றால் உடனே வைத்துவிடாதே. முதல் தடவையிலேயே பணம் போயிருக்கலாம், அதற்கான சீட்டைக் கேள். விழவில்லை என்றாலும் மெஷினில் ஒரு சீட்டு வரும். தங்கச்சி வந்து அதைப் படித்த பிறகு அடுத்த விரலை வை.

வரும்போது கைக்குப் பூசுகிற கிரீம் வாங்கி வருகிறேன். அதுவரை தேங்காய் எண்ணெய்தான்.

அன்புடன்,
உன் மகன்