துடுப்புச் சத்தம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப சந்தோஷப்பட்டார். இங்கே எல்லோரும் நலம். பதில் தாமதமானதற்குக் காரணம், நான் எழுதி முடித்த ஒலி நாடகம். ஓய்வு பெற்ற பிறகு எழுதுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே, அதுதான். நாற்பது நிமிடம் ஓடும். பயமுறுத்தும் கதை.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நடக்கிறது. தனியாக நண்டு பிடிக்கப் போனவன் வழியை மறித்த கிளையை வெட்டுகிறான். அது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பேரைக் கொடுத்த அதே மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் எரிந்து, பார்வை மறைந்துபோகும். இவனுக்கும் மறைகிறது. படகும் நழுவிவிட்டது. சுரபுன்னை வேர்களுக்கு நடுவே ஒரு திட்டில் விடியும்வரை அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

அவனுக்கும் ஒன்றும் தெரியாது, கேட்கிற நமக்கும் ஒன்றும் தெரியாது. இது பிடிபட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சின்ன வயதில் புதுச்சேரி வானொலியில் நாடகம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? சினிமாவில் பேய் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். ரேடியோவில் கண்ணை மூடினால் அது இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

சத்தங்களைப் பதிவு செய்ய, கிள்ளையிலிருந்து விடிவதற்கு முன்பே படகில் போனோம். நீர் வற்றும் நேரத்தில் சேற்றிலுள்ள வளைகள் பொட்டுப் பொட்டென்று வெடிக்கின்றன. மைக்கை ஒரு பலூனுக்குள் வைத்துக் கட்டித் தண்ணீரில் இறக்கினோம். உள்ளே கடுகு தாளிக்கிற மாதிரி ஓயாத படபடப்பு. கொடுக்கைச் சொடுக்கும் ஒரு சின்ன இறால் வகை எழுப்பும் சத்தம் அது. படகோட்டி அண்ணன் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டுவிட்டு, “இத்தனை வருஷமா இதுமேலதான் போய்க்கிட்டிருந்தேனா” என்றார். அந்த வரியை அப்படியே நாடகத்தில் சேர்த்துவிட்டேன். ஆனால் நிஜச் சேற்றில் நடந்தது பதிவில் குழாயில் தண்ணீர் விழுவது போலக் கேட்டது. வாளியில் செய்தித்தாளை ஊறவைத்துக் கையால் பிசைந்தோம், அதுதான் சேறாகக் கேட்டது.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது மௌனம். தானே புயல் ஞாபகம் இருக்கும், 2011 டிசம்பர் 30. அதன் பிறகு எத்தனை நாள் கரண்டு இல்லாமல் கிடந்தோம்! ஃபேன், ஃபிரிட்ஜ், தெருமுனை டிரான்ஸ்பார்மர் எல்லாம் அடங்கிய பிறகுதான், அதுவரை வீட்டுக்குள் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒரு ராத்திரி கிணற்றடியில் யாரோ வாளி வைத்த சத்தம் நடுவீட்டில் கேட்டது. நீதான் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தாய். யாரும் இல்லை. அந்த ராத்திரியைத்தான் நாடகத்தில் கொண்டுவரப் பார்க்கிறேன். சத்தமே இல்லாமல் விட்டால், கேட்கிறவர்கள் போன் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் யாரும் பேசாத காட்டையே தனியாகப் பதிவு செய்து, வசனத்துக்கு அடியில் முழுக்க ஓடவிட்டிருக்கிறேன். ஒரே ஓர் இடத்தில் அதைச் சட்டென்று நிறுத்துகிறேன். அடுத்து வருவது துடுப்புச் சத்தம்.

படகில் வருகிறவர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். செத்துப்போன அண்ணன் மட்டுமே கூப்பிட்ட செல்லப் பேர் அது. “வா, ஏறிக்கோ” என்கிறார். படகு பக்கத்தில் வருவதும் இல்லை, விலகிப் போவதும் இல்லை. அவர் யார் என்று கடைசியில் சொல்லிவிட வேண்டும் என்று பதிவு செய்யும் பையன்கள் என்னோடு சண்டை போடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தேவனாம்பட்டினத்தில் ஓர் அம்மா, சுனாமியில் போன மகன் ராத்திரி வாசலில் நின்று கூப்பிட்டதாகச் சொன்னபோது நீயும் நானும் பேசாமல் நின்றோம். அவருக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. என் நாடகமும் சொல்லாது.

அந்தப் படகுக்காரருக்கு உன் குரல் வேண்டும், மூர்த்தி. இரண்டு பேரைப் பேசவைத்துப் பார்த்தேன். இருவரும் நல்ல நடிகர்கள், ஆனால் இருவருமே குரலைத் தாழ்த்திப் பேய் மாதிரி பேசுகிறார்கள். எனக்கு வேண்டியது தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். அது உன்னிடம் இருக்கிறது. மொத்தமே ஏழு வரிதான், மனப்பாடம்கூடச் செய்ய வேண்டாம்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. அப்புறம் தெருவில் மைக்செட் கட்டிவிடுவார்கள், ஒன்றும் பதிவு செய்ய முடியாது. நம் தெரு அடங்க ராத்திரி இரண்டு மணி ஆகும், அதுவரை பேசிக்கொண்டிருக்கலாம்.

அன்புடன்,
குமார்