ஏற்காட்டு அத்தைக்கு ஒரு கீரைக் கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

போன வாரம் போனில் பேசும்போது, "சதகுப்பையா? அது பிள்ளை பெத்தவளுக்குக் கொடுக்கிற மருந்தாச்சே, அதை யாரு சோத்துல போட்டுச் சாப்பிடுவாங்க?" என்று கேட்டீர்கள். அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே சேலத்தில் கீரைப் பேச்சை எடுத்தாலே பலரும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

உங்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. நம் வீடுகளில் சதகுப்பை என்றால் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் விதைதான். கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் புகட்டுகிற கிரைப் வாட்டரில் காலங்காலமாகச் சேர்த்து வந்ததும் அந்த விதையின் எண்ணெய்தான். ஆனால் அத்தை, விதையின் மணம் வேறு, இலையின் மணம் வேறு. விதையில் தூக்கலாக இருப்பது கார்வோன் என்ற மணப்பொருள். நீங்கள் சொல்லும் மருந்து நெடி அதிலிருந்து வருவது. இலையில் ஃபெலாண்ட்ரீன் என்ற இன்னொரு பொருள்தான் மிகுதி, அதனால் இலை இளம்பச்சையாக, லேசான இனிப்போடு மணக்கும். கொத்தமல்லி விதையைக் குழம்புக்கும் தழையை ரசத்துக்கும் போடுகிறோம், இரண்டும் ஒரே மணமா என்ன? சதகுப்பையும் அதே குடும்பத்துச் செடிதான். கேரட், சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் அதற்குச் சொந்தம்.

கன்னடக்காரர்கள் இதைச் சப்சிகே என்று கட்டுக்கட்டாக வாங்கி, அக்கி ரொட்டியிலும் வடையிலும் தாராளமாகப் போடுகிறார்கள். இரானில் நறுக்கிய இலையையும் பெரிய அவரை விதையையும் சோற்றோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். வட இந்தியாவில் உருளைக்கிழங்கோடு வதக்குகிறார்கள். இப்படிக் கீரையாகவே ஊரெல்லாம் சாப்பிடுவதை நாம் மட்டும் பொட்டலத்தோடு நிறுத்திவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

கடையில் வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. இலை நூல் நூலாக இருப்பதால் அறுத்த சில மணி நேரத்திலேயே துவண்டு போகும். வாடியதை வாங்கிச் சமைத்தவர்கள்தான் இதில் ருசியே இல்லை என்கிறார்கள். வீட்டில் வளர்த்து, உலை கொதிக்கும்போது போய்க் கிள்ளி வர வேண்டிய கீரை இது. அதற்கு உங்கள் ஏற்காட்டைவிடத் தோதான இடம் நம் மாவட்டத்தில் இல்லை. நீங்கள் இருப்பது 1,500 மீட்டர் உயரத்தில். நாங்கள் கீழே 300 மீட்டர்கூட இல்லை. வெயில் ஏறினால் இந்தச் செடி இலை விடுவதை நிறுத்திப் பூக்கப் போய்விடும். மாசி பிறந்தால் எங்கள் மொட்டைமாடியில் அதைப் பிடித்து வைக்க முடியாது. உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

உங்களுக்கு இருக்கும் தொல்லை மழையும் நிழலும்தான். தண்டு உள்ளே வெறும் கூடு, பலத்த மழைக்கு அப்படியே சாய்ந்துவிடும். அதனால் ஐப்பசி மழையில் விதைக்காதீர்கள், கார்த்திகைக் கடைசியில் தூவுங்கள். காப்பிச் செடிக்கு சில்வர் ஓக் நிழல் நல்லது, இதற்கு ஆகாது. சமையலறைக்குப் பின்னால் நல்ல வெயில் விழும் பாத்தி போதும்.

நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டாம். ஆணிவேர்ச் செடி, வேர் அசைந்தால் மிரண்டு சீக்கிரமே பூத்துவிடும். விதையை நேராகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டால் போதும்; ஆழத்தில் புதைத்தால் சரியாக முளைக்காது. பத்துப் பதினைந்து நாளில் மயிர் போல முளை தெரியும். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடுங்கள், கலைத்த பிஞ்சையும் பச்சடியில் போடலாம். மொத்த விதையையும் ஒரே நாளில் தூவாமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு பிடி தூவினால் கீரை விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். ஒரு முழம் வளர்ந்ததும் வெளி இலைகளாகப் பார்த்துக் கிள்ளுங்கள். அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும், தின்கிற கீரைக்கு மருந்தடிக்க வேண்டாம். கடைசியில் இரண்டு செடியை மட்டும் விட்டுவையுங்கள். மஞ்சள் குடை விரித்த மாதிரி பூக்கும், தேனீ மொய்க்கும், அடுத்த வருஷத்து விதையும் ஆச்சு.

சரி, சமையலுக்கு வருகிறேன். அரைக்கீரை மாதிரி வேகவைத்துக் கடையாதீர்கள், மணம் முழுக்க ஆவியாகப் போய்விடும். முதலில் பாசிப்பருப்பை மலர வேகவையுங்கள், குழையக் கூடாது. சின்ன வெங்காயம், நசுக்கிய பூண்டு, வரமிளகாய் தாளித்துப் பருப்பில் கொட்டி, பொடியாக நறுக்கிய கீரை இரண்டு கைப்பிடி போட்டுக் கிளறி, மூன்று நிமிஷத்தில் இறக்கித் தேங்காய்ப்பூ தூவுங்கள். புளி வேண்டாம். முதல் தடவை நெடி அதிகம் என்று பட்டால் பாதிக்குப் பாதி சிறுகீரை கலந்துகொள்ளலாம். பச்சை மொச்சை வருகிற தை மாதத்தில்தான் இதுவும் தழைத்து நிற்கும். இரண்டையும் சேர்த்து ஒரு பொரியல் செய்து பாருங்கள், எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். மாமாவுக்குக் கடலைப்பருப்பு வடை மாவில் ஒரு பிடி போட்டுச் சுட்டுக் கொடுங்கள். நம் ஊர் ஜவ்வரிசி வடைக்கும் இது நன்றாகச் சேரும்.

மீந்ததை வெயிலில் காயப்போட வேண்டாம், மணம் போய்விடும். தண்டைத் தண்ணீர் டம்ளரில் நிறுத்திப் பிரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும்.

விதைக்கு அலைய வேண்டாம். நாட்டு மருந்துக் கடை விதை பழசாக இருந்தால் முளைக்காது, அதனால் என் செடியில் எடுத்ததைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். ஏற்காட்டு பஸ்ஸில் யார் மேலே வந்தாலும் கொடுத்தனுப்புகிறேன். பாத்தியை மட்டும் கொத்தி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்